மூலமும் உரையும்: கணினிக் காலத்து ஓர் எழுத்துச் சிக்கல்

விழா மலருக்குக் கட்டுரையொன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபொழுது, தமிழாசிரியனாகிய என்னிடம் அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியத்தைப் பற்றியோ சமயத்தைப் பற்றியோ ஒரு கட்டுரையே என்பதை யான் அறிவேன். அத்தகைய கட்டுரைகளை எழுதவல்ல பெரியோர் நம்மிடையே பலர் உளர். ஆதலால் யான் வேறொரு பொருளை எடுத்துக்கொள்ளத் துணிந்தேன். கணினிக்குச் செய்நிரல் எழுதுவோர் அச்செய்நிரலுக்குத் தாமே எழுதிவைக்கும் விளக்கவுரையும், அவ்வுரையை எழுதும்போது எழுதுகருவி செய்யவேண்டிய உதவி சில வேளைகளிற் பிழைத்துப்போவதுமே இக்கட்டுரையின் பொருள். தமிழாசிரியனுக்கும் செய்நிரலுக்கும் என்ன உறவு என்று அன்பர் சிலர் நகைக்கலாம். ஓர் ஔகாரம் அவ்வுறவை உண்டாக்கியது. அதனைச் சொல்லுகிறேன்.

விழாவை முன்னிட்டுப் பழைய மாணவர் பெயர்ப் பதிவேடொன்றைக் கணினியில் அமைப்பதற்கு உயர்தர வகுப்பு மாணாக்கர் சிலர் முன்வந்தனர். நம் கல்லூரியின் பழைய சேர்வு இடாப்புகளைக் கண்டவர் அதன் இன்றியமையாமையை உணர்வர். கடற்காற்றின் உப்பீரம் மரத்தையும் இரும்பையும் மட்டுமா தின்கிறது? தாளையும் தின்கிறது. உடப்பிலிருந்தும் முந்தலிலிருந்தும் சிலாபத்திலிருந்தும் கற்பிட்டியிலிருந்தும் வந்து இங்கே பயின்ற பிள்ளைகளின் பெயர்கள், மை மங்கி, ஓரம் பொடிந்து, ஒவ்வோர் ஆண்டும் சிறிது சிறிதாக மறைந்துகொண்டிருந்தன. அவற்றை ஒருவர் வாசிக்க மற்றவர் பதிந்து, யாவரும் தத்தம் கைத்தொலைபேசியிலே திறந்து தேடத்தக்க இணையப்பக்கமாக்க வேண்டும் என்பது மாணாக்கரின் எண்ணம். வகுப்பிலே அவர்கள் பயில்வது பைதான் என்னும் கணினிமொழி. ஆயினும் இணையப்பக்கத்துக்கு ஏற்றது ஜாவாஸ்கிரிப்ட் என்பதனால் அதனையும் தாமே பயின்றுகொண்டனர். எழுதுகருவியாக மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட விஷுவல் ஸ்டூடியோ கோட் என்பதைக் கைக்கொண்டனர். அதற்கு விலையில்லை என்பதும் ஒரு காரணம்.

அவர்கள் செய்த ஒரு செயல் என் உள்ளத்தைக் கவர்ந்தது. செய்நிரலில் வரும் மாறிகளுக்கும் சார்புகளுக்கும் தமிழ்ப் பெயர்களையே இட்டனர். ஜாவாஸ்கிரிப்ட் அதற்கு இடங்கொடுக்கிறது. அன்றியும், ஒவ்வொரு சார்பின் தலையிலும் அது யாது செய்யும், எதனைப் பெறும், எதனைத் தரும் என்பவற்றைத் தமிழிலே விளக்கவுரையாக எழுதவும் தொடங்கினர். காரணம் வினவியபோது ஒரு மாணவன் கூறிய விடை பொருளுடையது. “சேர், நாங்கள் அடுத்த வருடம் போய்விடுவோம். பத்தாம் வகுப்புத் தம்பிமார்தான் இதைப் பார்க்கப் போகிறார்கள். அவர்களுக்கு விளங்க வேண்டும்.”

உரை எழுதுவதன் பயனை இதனிலும் சுருக்கமாகச் சொல்லுதல் அரிது.

இனி, செய்நிரலுக்கு உரை என்பது யாது என்பதைக் கணினி பயிலாத அன்பர்க்காகச் சிறிது விளக்குகின்றேன். செய்நிரல் கணினிக்கு இடும் கட்டளைகளின் தொகுதி. அதனிடையே கணினி பொருட்படுத்தாது விட்டுவிடும் குறிப்புகளையும் எழுதலாம். அவை மனிதர்க்காக எழுதப்படுபவை. ஜாவா என்னும் மொழி 1996ஆம் ஆண்டில் வெளிவந்தபோது, அக்குறிப்புகளிலே ஒருவகைக்கு ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டது. சரிகோடும் அதனையடுத்து இரண்டு உடுக்குறிகளும் இட்டு /** என்று தொடங்குவது விளக்கவுரை. அதனுள்ளே ‘அற்’ எனப்படும் @ குறியை முன்னிட்டுச் சில குறிச்சொற்களை எழுதலாம். ‘பராம்’ என்பது சார்பு பெறும் பொருளின் பெயரையும் இயல்பையும் சொல்லும். ‘ரிட்டேர்ண்ஸ்’ என்பது அது தரும் பயனைச் சொல்லும். ‘எக்சாம்பிள்’ என்பது உதாரணம் காட்டும். ‘சீ’ என்பது பிறிதோரிடத்தை நோக்கச் சொல்லும். ‘டெப்ரிகேட்டட்’ என்பது இது வழக்கொழிந்தது, இனி ஆளற்க என்று எச்சரிக்கும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியாளரும் இவ்வொழுங்கைத் தழுவிக்கொண்டனர். எழுதுகருவி இக்குறிச்சொற்களைப் படித்துணர்ந்து, செய்நிரலில் அச்சார்பின் பெயர் வருமிடமெல்லாம் அதன்மேற் சுட்டியை நிறுத்தினால், உரிய உரையை எடுத்துக் காட்டும்.

இதனைக் கேட்டபோது எனக்கு நன்னூற் பாயிரம் நினைவுக்கு வந்தது. உரைக்கு உரியவையாகப் பவணந்தி முனிவர் பதினான்கு உறுப்புகளை எண்ணுகிறார். பாடம், கருத்து, சொற்பொருள், உதாரணம், வினா, விடை, பயன் என்பன அவற்றுட் சில. உரையைக் காண்டிகை என்றும் விருத்தி என்றும் இருவகையாக்கியும் காட்டுகிறார். சுருங்கிய உரை காண்டிகை, விரிந்தது விருத்தி. ஆறுமுக நாவலர் நன்னூலுக்கு எழுதியது காண்டிகையுரை என்பதை நம் மாணாக்கர் அறிவர். மேல்நாட்டார் செய்நிரலுக்கு வகுத்த குறிச்சொற்களுட் பலவற்றுக்கு ஒப்பானவை நம் உரைமரபிலே பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இருந்தன. இதனால் கணினியையும் நாமே கண்டோம் என்று மார்தட்டுவது பேதைமை. அருமையான நூலை எழுதியவன் ஒருவன், அதனைப் பின்னாளிற் படிக்கப்போகிறவன் வேறொருவன் என்ற நிலை எங்கு உண்டோ அங்கெல்லாம் உரை தோன்றும் என்பதே உண்மை. டொனால்டு குனுத் என்னும் கணினி அறிஞர், செய்நிரல் முதற்கண் மனிதர் படிப்பதற்காக எழுதப்படல் வேண்டும் என்ற கருத்தை 1984ஆம் ஆண்டில் ஒரு கட்டுரையாகவே வெளியிட்டார்.

நிற்க. சொல்நிரப்பு உதவி என்பதையும் சொல்லவேண்டும். செய்நிரல் எழுதுவோன் ஒரு பெயரின் முதலெழுத்தை இட்டவுடன், எழுதுகருவி பொருந்தும் பெயர்களையெல்லாம் பட்டியலாகக் காட்டும். அவற்றுள் ஒன்றைத் தெரிந்து ஒரு விசையை அழுத்தினால் எஞ்சிய எழுத்துகளை அதுவே நிரப்பும். கைவலியும் குறையும், எழுத்துப்பிழையும் குறையும். உரை எழுதும்போதும் இவ்வுதவி உண்டு. @ குறியை இட்டால் குறிச்சொற்களின் பட்டியல் வரும். ‘பராம்’ என்பதைத் தெரிந்தபின், அச்சார்பு பெறும் பொருள்களின் பெயர்களுள் இன்னும் உரை எழுதப்படாதவை எவையோ அவை பட்டியலில் வரும்.

வரவேண்டும் என்பது விதி. நம் மாணாக்கர்க்கு அது பலவாறு பிழைத்தது. பிழைகளுள் மூன்று எளிதில் தீர்ந்தன. அவற்றையும் சொல்லிவிடுகிறேன், மாணாக்கர்க்குப் பயன்படும்.

முதலாவது, உரைக்குள்ளே சாதாரணச் சொற்களை எழுதும்போது பட்டியல் தானாகத் தோன்றவில்லை. இது பிழையன்று. குறிப்புகளை எழுதுவோனுக்கு ஓயாது பட்டியல் காட்டினால் இடையூறாகும் என்று கருதி, அவ்வெழுதுகருவியை ஆக்கியோர் குறிப்புகளுக்குள் அவ்வுதவியை நிறுத்தியே வைத்திருக்கின்றனர். அமைப்புப் பக்கத்திலே அதனை வேண்டுவோர் முடுக்கிக்கொள்ளலாம். அல்லது வேண்டியபோது விசையழுத்தி அழைக்கலாம்.

இரண்டாவது, சில உரைகளில் @ குறியை இட்டும் குறிச்சொற்பட்டியல் வரவில்லை. காரணம் உடுக்குறிகளின் எண்ணிக்கை. ஓர் உடுவிட்டுத் தொடங்கினால் அது வெறுங் குறிப்பு. அழகு கருதி மூன்றோ நான்கோ இட்டால் அதுவும் விளக்கவுரையாகாது. சரியாக இரண்டு வேண்டும். சீரெண்ணிக்கை தவறினால் வெண்பா கெடுவதுபோல, உடு தவறினால் உரை கெடும் என்று யான் கூறியதை மாணாக்கர் இன்றும் சொல்லிச் சிரிக்கின்றனர்.

மூன்றாவது, எழுதுகருவியோடு சேர்த்துக்கொண்ட ஒரு துணைக்கருவி, குறிச்சொல்லை நிரப்பும்போது @ குறியை இருமுறை இட்டது. எழுதுகருவி, தான் நிற்குமிடத்துக்கு இடப்புறமுள்ள சொல் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கிறது. @ குறியைச் சொல்லின் பகுதியாக அது எண்ணுவதில்லை. சொற்களைப் பிரிக்கும் குறியாகவே எண்ணுகிறது. ஆதலால் ஏற்கெனவே இட்ட குறி அவ்விடத்தே நிற்க, துணைக்கருவி தன் பங்குக்கு இன்னொன்றையும் கொணர்ந்து வைக்கிறது. எதுமுதல் எதுவரை மாற்றவேண்டும் என்பதைத் துணைக்கருவி வரையறுத்துச் சொன்னால் இக்குறை நீங்கும். அதனை நீக்கிவிட்டு வேறொன்றைக் கைக்கொண்டதும் இச்சிக்கல் ஒழிந்தது.

நான்காவது சிக்கலே எம்மை வருத்தியது.

பெயரோடு பண்டிதர், கலாபூஷணம், சமாதான நீதவான் முதலிய சிறப்புகளையும் சேர்த்து எழுதித்தரும் சார்பொன்று இருந்தது. அது பெறும் பொருள்களுள் ஒன்றன் பெயர் ‘கௌரவப்பெயர்’. அதற்கு ‘பராம்’ குறிச்சொல் இட்டு உரையும் எழுதப்பட்டிருந்தது. எனினும் சுட்டியை அப்பெயர்மேல் நிறுத்தினால் உரை தோன்றவில்லை. புதிதாக ‘பராம்’ என்று எழுதினால், இன்னும் உரை எழுதப்படாத பெயர் என்று பட்டியலிலே அதே ‘கௌரவப்பெயர்’ வந்து நின்றது. எழுத்துகளை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தபோது, சிலர் கையிற் பட்டியல் தோன்றியது. வேறு சிலர் கையில் வெறுமையாகவே இருந்தது. எழுதுகருவியின் சோதனை வசதியை முடுக்கியபோது, உரையிலுள்ள பெயரின் கீழே கோடிட்டு, இப்பெயருடைய பொருள் இச்சார்பில் இல்லை என்று அது அறிவித்தது. “பெயர் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, சேர். இல்லை என்கிறது!” என்று மாணாக்கர் அங்கலாய்த்தனர்.

தமிழ் கணினிக்கு ஒத்துவராது என்று அவர்களுட் பாதிப்பேர் முடிவுகட்டினர். மாறிகளின் பெயர்களையும் உரைகளையும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடலாம் என்றனர். விழாவுக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர்களைக் குறைகூற இயலாது. பிறர் பல ஆண்டுகளாக நடந்து சமன்செய்த வழி அது; அவ்வழியே சென்றால் முள் குறைவு. ஆயினும் அம்முடிவின் விளைவை யான் எண்ணிப்பார்த்தேன். ஆங்கிலத்திலே ஓரிரு வாக்கியம் எழுதவே இடர்ப்படும் பிள்ளை, நான்கு சொல்லிலே அரைகுறையாக ஓர் உரை எழுதுவான். அல்லது எழுதாதே விடுவான். பத்தாம் வகுப்புத் தம்பி அதனைத் திறந்து பார்த்து, விளங்காது மூடிவைப்பான். சில ஆண்டுகளிலே அப்பதிவேடும் உப்பீரம் பட்ட இடாப்பின் கதியையே அடையும். அன்றியும், தன் தாய்மொழி ஒரு தொழிலுக்கு உதவாது என்று பதினெட்டு வயதிலே ஒருவன் கொள்ளும் முடிவு, அத்தொழிலோடு நின்றுவிடுவதன்று.

இந்நிலையிலேதான் கணினி கற்பிக்கும் ஆசிரியை, உரைகளில் எழுத்துப்பிழை பார்த்துத் தருமாறு என்னை அழைத்தார். பிழைதிருத்துவது தமிழாசிரியனின் நித்திய கருமம். திரையிலே அவ்விரு பெயர்களையும் மாறி மாறி நோக்கினேன். ஒரு வகை எழுத்துருவில் இரண்டும் ஒன்றாகவே தோன்றின. வேறோர் எழுத்துருவுக்கு மாற்றியபோது, உரையிலுள்ளதில் கொம்புக்கால் சற்றே அகன்று நின்றது. அவ்வெழுத்தின் பின்னே நின்று ஒருமுறை அழிக்கச் சொன்னேன். உரையிலே ‘கெ’ எஞ்சியது. செய்நிரலிலே அவ்வாறே அழித்தபோது கொம்பும் உடன் மறைந்தது. ஐயம் தீர்ந்தது. செய்நிரலில் இருந்தது ‘கௌ’. உரையில் இருந்தது ‘கெ’ என்னும் எழுத்தும் ‘ள’ என்னும் எழுத்தும். முன்னது ஓரெழுத்து, பின்னது ஈரெழுத்து.

நிகழ்ந்தது இதுதான். செய்நிரலை எழுதியவன் ஒருவன். உரையை எழுதியவன் வேறொருவன். முன்னவன் கல்லூரிக் கணினியிலே எழுதினான். பின்னவன் வீட்டிலிருந்து கைத்தொலைபேசியில் எழுதி அனுப்பினான். ஔகாரக் குறி எங்கே இருக்கிறது என்று தேடாமல், கண்ணுக்கு ஒத்திருந்த ளகரத்தை இட்டான். இவ்வழக்கம் அவனுக்கு மட்டும் உரியதன்று. ‘மௌனம்’ என்பதை ‘மெளனம்’ என்றும், ‘ஔவை’ என்பதை ‘ஒளவை’ என்றும் அச்சிட்ட நூல்களும் சுவரொட்டிகளும் நாம் நாள்தோறும் காண்பனவே. மனிதக் கண் அவற்றை மன்னித்துவிடுகிறது. கணினிக்குக் கண் இல்லை; அதற்கு எண் மட்டுமே உண்டு.

அவ்வெண்களைச் சொல்லுகிறேன். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வகுக்கும் ஒருங்குறி முறையிலே, 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2944 முதல் 3071 வரையுள்ள 128 இடங்கள் நம்முடையவை. அதில் ககரத்தின் எண் 2965. ஔகாரக் குறியின் எண் 3020. ஆகவே ‘கௌ’ என்பது 2965, 3020 என்னும் இரண்டெண்கள். ஒற்றைக்கொம்பின் எண் 3014. ளகரத்தின் எண் 2995. ஆகவே ‘கெள’ என்பது 2965, 3014, 2995 என்னும் மூன்றெண்கள். பட்டியலைத் தேடும் எழுதுகருவி, இட்ட எழுத்துகளின் எண்வரிசையும் பெயரின் எண்வரிசையும் தொடக்கத்தில் ஒத்திருக்கின்றனவா என்றே பார்க்கிறது. இரண்டாம் எண்ணிலேயே அவை வேறுபட்டுவிடுகின்றன. பின் பட்டியல் எங்ஙனம் வரும்?

இதனை எழுதுகருவியே சரிசெய்துகொள்ளலாகாதா என்று கேட்கலாம். ஓரளவு இயலும். ‘கொ’ என்னும் எழுத்தை ஒகரக் குறியிட்டு 2965, 3018 என்றும் எழுதலாம். கொம்பையும் காலையும் வெவ்வேறாக இட்டு 2965, 3014, 3006 என்றும் எழுதலாம். இரண்டும் ஒரே எழுத்து என்பதை ஒருங்குறி முறையே ஒப்புக்கொண்டு, ஒன்றை மற்றொன்றாக ஆக்கும் விதியையும் வகுத்திருக்கிறது. பைதான் மொழி, 2008ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் மூன்றாம் பதிப்பு முதலாக, பெயர்களை இவ்விதிப்படி ஒன்றாக்கியே ஒப்பிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் பெயர்களை அவ்வாறு ஒன்றாக்குவதில்லை. எனினும் நாம் பதியும் சொற்றொடர்களை ஒன்றாக்குதற்கு 2015ஆம் ஆண்டின் பதிப்பிலிருந்து அதில் வசதி உண்டு.

ஆனால் ‘கௌ’, ‘கெள’ என்பவற்றை எவ்விதியாலும் கணினி ஒன்றாக்கமாட்டாது, ஆக்கவும் கூடாது. ஔகாரத்தின் கொம்புக்காலுக்கு 3031 என்று தனியெண்ணே உண்டு. அது ளகரம்போலத் தோன்றுவது வடிவத்தால் மட்டுமே. ளகரமோ உண்மையான மெய்யெழுத்தின் வழிவந்தது. நம் கடற்கரையார்க்குக் கெளிற்றுமீனைத் தெரியாதா? அதன் பெயரில் முதலெழுத்துக் ‘கெ’, இரண்டாமெழுத்து ‘ளி’. கொம்பையும் ளகரத்தையும் கண்டவிடமெல்லாம் ஔகாரமாக்குக என்று கணினிக்குக் கட்டளையிட்டால், கெளிறும் கெடும். வெள்ளமும் தெளிவும் கெடும். வௌவால் எது, வெள்ளம் எது என்று பிரித்தறிய எழுத்தின் வடிவம் போதாது. சொல்லை அறிந்திருக்க வேண்டும். அகரமும் உகரமும் கூடி ஔகாரம்போல ஒலிப்பதைத் தொல்காப்பியர் மொழிமரபிலே எடுத்துரைத்தார். ஒலியை அறிந்தவன் அவ்விடத்தே ளகரத்தை எழுதான். இலக்கணம் இற்றைநாட் பிள்ளைகளுக்கு எதற்கு என்று கேட்போர்க்கு இதனினும் நேரிய விடை என்னிடம் இல்லை.

உரையிலுள்ள எழுத்தைத் திருத்தியவுடன் எல்லாம் செவ்வனே இயங்கின. சுட்டியை நிறுத்தியதும் உரை தோன்றியது. பட்டியலிலே பெயர் இரட்டிக்கவில்லை. மாணாக்கர் ஆரவாரித்தனர். ஆயினும் அவர்களுள் ஒருத்தி அமைதியாக ஒரு வினா எழுப்பினாள். “சேர், உரையிலே இப்படி என்றால், பதிந்த பெயர்களிலே?”

அவ்வினா எம்மை உறையச் செய்தது. ‘கௌ’, ‘சௌ’, ‘மௌ’ என்று தேடிப் பார்த்தோம். பின்னர் ளகரமிட்ட வடிவங்களைத் தேடிப் பார்த்தோம். பழைய மாணவர் சிலரின் பெயர்கள் பிழையான வடிவத்திலே பதிவாகியிருந்தன. ‘ஸ்ரீ’ என்று தொடங்கும் பெயர்களிலும் அதே குறை. 2005ஆம் ஆண்டில் ஒருங்குறியில் ‘ஶ’ என்னும் எழுத்துச் சேர்க்கப்பட்டபின், ஸ்ரீ என்பதை 3000 என்னும் எண்ணுடைய எழுத்தாலும் தொடங்கலாம், 2998 என்னும் எண்ணுடைய எழுத்தாலும் தொடங்கலாம் என்றாயிற்று. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவாகத் தோன்றும். கொழும்பிலோ கனடாவிலோ இருந்து ஒரு மகன் தன் தந்தையின் பெயரை இட்டுத் தேடியிருப்பான். அத்தகையவர் ஒருவரும் இக்கல்லூரியில் இல்லை என்ற விடையே அவனுக்குக் கிடைத்திருக்கும். பெயர் பதிவேட்டிலே இருக்கும். தேடுவோனுக்கு மட்டும் இல்லை. மங்கிப்போன மையினும் கொடிய மறைவு இது. மங்கிய பெயரைக் கண்டு இரங்கலாம். இதனைக் காணவும் முடியாது.

மாணாக்கர் அன்றே பணியைப் பகிர்ந்துகொண்டனர். ஒன்றாக்கத்தக்க ஒகர ஓகார வடிவங்களைக் கணினியே ஒன்றாக்குமாறு செய்தனர். ஸ்ரீ என்பதற்கு ஒரே வடிவத்தைத் தெரிந்து, எஞ்சியவற்றை அதற்கு மாற்றினர். ஔகாரத்தை மட்டும் கணினியிடம் விடவில்லை. ஐயத்துக்குரிய பெயர்களையெல்லாம் எழுதியெடுத்து, ஒருவர் உரக்க வாசிக்க மற்றவர் இடாப்போடு ஒப்புநோக்கித் திருத்தினர். ஏடு பார்த்துப் பாடங்கேட்ட காலத்து முறை அது. பழுதில்லாத முறை.

ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பித்த பெரியோர் இவ்வகைத் துன்பத்தை எத்துணை அனுபவித்திருப்பர் என்று யான் பின்னர் எண்ணிப்பார்த்தேன். பழைய ஏடுகளில் மெய்க்குப் புள்ளியிடும் வழக்கம் அருகியிருந்தது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் வடிவிலே வேறுபாடு தோன்றாது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டிற் செய்த சீர்திருத்தமே இன்று நாம் காணும் வேறுபாட்டைத் தந்தது. மூலமும் உரையும் நிறுத்தக்குறியின்றி, பத்திபிரிப்பின்றித் தொடர்ந்து செல்லும். எது பாட்டு, எது உரை, எந்த உரை எந்தச் சொல்லுக்கு உரியது என்பதை ஆய்ந்து தெளிவதே பதிப்பாசிரியரின் முதற்பணி. நச்சினார்க்கினியர் உரையோடு தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இல் வெளியிட்ட நம் நாட்டவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும், அவ்வுரைகாரரின் உரையோடு சீவகசிந்தாமணியை 1887இல் வெளியிட்ட உ. வே. சாமிநாதையரும், சிதைந்த ஏடுகளிடையே எழுத்தெழுத்தாக ஒப்புநோக்கி உழைத்தவர்கள். அவர்கள் காலத்திலே ஓரெழுத்தைத் தவறவிட்டால் ஒரு சொல்லின் பொருள் மாறும். நம் காலத்திலோ ஓரெழுத்துத் தவறினால் உரை முழுவதும் மூலத்திலிருந்து கழன்று, இருந்தும் இல்லாததாகிவிடுகிறது.

நம் மாவட்டத்துக்கே உரிய ஒருவரையும் ஈண்டு நினைவுகூர வேண்டும். 1807ஆம் ஆண்டிலே கற்பிட்டியிற் பிறந்த சைமன் காசிச்செட்டி, தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் திரட்டி, 1859ஆம் ஆண்டில் ‘தமிழ் புளூட்டாக்’ என்னும் நூலை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஒவ்வொரு பெயரையும் எடுத்து, அப்பெயருக்குரிய செய்தியை அதன்கீழே அமைத்த நூல் அது. பெயரும் குறிப்பும் பிரியாது நிற்றலே அத்தகைய நூலின் உயிர். புத்தளக் கரையிலே அப்பணி செய்த ஒருவரை முன்னோராகப் பெற்ற நமக்கு, பெயரைப் பிழையின்றி எழுதுதல் ஒரு கடன் என்றே கொள்ளுதல் தகும்.

மாணாக்கர்க்குச் சில சொல்லி முடிக்கின்றேன். கணினிக்குச் செய்நிரல் எழுதுங்கள்; அதற்குத் தமிழிலே உரையும் எழுதுங்கள். குறிச்சொல்லின் பின் வரும் பெயரைக் கையால் எழுதாது, பட்டியலிலிருந்தே தெரிந்துகொள்ளுங்கள். அப்பொழுது மூலத்தில் எவ்வெழுத்தோ உரையிலும் அவ்வெழுத்தே வரும். பட்டியல் வராவிடின் தமிழைக் கைவிட எண்ணுமுன் எழுத்தை நோக்குங்கள். ஒரு குழுவினர் அனைவரும் ஒரேவகை விசைப்பலகையைக் கைக்கொள்ளுங்கள். ஔகாரத்தை ஔகாரமாக எழுதுங்கள். பள்ளிப் பயிற்சிக் கொப்பியிலும் அவ்வாறே எழுதுங்கள்.

பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள். பதிவேட்டைத் திறந்து உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிடின், கல்லூரி உங்களை மறந்துவிட்டது என்று கருதாது எமக்கு அறிவியுங்கள். ஓரெழுத்து வழிதவறி நிற்கிறது என்றே பொருள். அதனைத் தேடி உரிய இடத்தில் நிறுத்துதற்கு இங்கே பத்தாம் வகுப்புத் தம்பிமார் உளர். அண்ணன்மார் எழுதிவைத்த உரையை அவர்கள் இப்பொழுதே படிக்கத் தொடங்கிவிட்டனர்; அதுவும் தமிழிலே.

கல்லூரி பல்லாண்டு வாழ்க. அதன் மைந்தர் பெயர்கள் மங்காது நிலைபெறுக.